நான் இறங்காத ஐந்து படிகள்

தினேஷ்,

இதைக் காரில் உட்கார்ந்து படிக்காதே. ரவாங் வீட்டுக்குப் போய், குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மேசையில் உட்கார்ந்து படி. இத்தனை பக்கத்தைக் கையால் எழுதித் தபாலில் போட்டிருக்கிறேனே என்று உனக்குச் சிரிப்பு வரலாம். முப்பது வருஷம் எண்ணெய் ஆலையில் ஸ்டோர் கிராணியாகக் கணக்கெழுதியவன் நான். எழுதினால் ஒழுங்காக எழுதுவேன், பேசினால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தானே செய்தேன். "அப்பா, கல்யாண கார்டு அடிக்கக் குடுக்கணும். தாத்தா பேரு போடணும்ல? பக்கத்துல மண்டோர்னு சேத்துப் போடலாமா? ரேவதி வீட்ல அவங்க தாத்தா பேருக்குப் பக்கத்துல என்னென்னமோ போடுறாங்க லா" என்று கேட்டாய். "லைன் சரியில்ல தம்பி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் நீ இரண்டு தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை.

உன் தாத்தா மண்டோர் இல்லை. தோட்டத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பி மேய்க்கிற அந்தப் பெரிய மனுஷர் வேறு ஆள். உன் தாத்தா காலையில் ரப்பர் எடுக்கப் பால் மரம் வெட்டுவார். சாவு விழுந்தால், கோயிலில் கொடி ஏறினால், தப்பு அடிப்பார். அதற்கென்றே தோட்டத்தில் ஒதுக்கி வைத்திருந்த ஆட்கள் நாம். தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி லயம் நமது. இதை நான் உனக்குச் சொன்னதில்லை, அதை மூடுவதற்காகப் பொய்யும் சொல்லி வளர்த்தேன். அதே பொய்யைப் பரிசம் போட்ட அன்று ரேவதி வீட்டுக் கூடத்திலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதை நம்பித்தான் அவர்கள் பெண் தருகிறார்கள். கார்டு அச்சுக்குப் போவதற்கு முன்னால் இது உனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் இந்தக் கல்யாணம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, தம்பி. இந்த வயதில் மகனுக்கு முன்னால் இப்படி நிற்பது என்னவோ போல் இருக்கிறது.

இவ்வளவு வருஷம் மூடி வைத்தது இப்போது ஏன் அரிக்கிறது என்று நீ கேட்பாய். அது நீ என்னை இழுத்துக்கொண்டு போன மலையில் ஆரம்பித்தது. அம்மா போய் மூன்று வருஷமாக நான் வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்து, நீதான் டிக்கெட் எடுத்தாய். எனக்குத் தெரிந்த வடநாட்டுப் பயணம் என்றால் பஸ்ஸில் ஏறிக் கோயில் கோயிலாக இறங்குவது. நீ வேறு மாதிரி பேசினாய். "கோயில் கதவெல்லாம் இன்னும் தெறக்கலப்பா, பனி. ஆனா பங்குனியில அங்க வசந்தம் பொறக்கும். ஊரே கொண்டாடும். அதப் பாப்போம்" என்றாய். வசந்தத்தைப் பார்க்க எதற்கு இவ்வளவு தூரம் என்று முனகிக்கொண்டே ஸ்வெட்டர் வாங்கினேன். நமக்கு இங்கே மலேசியாவில் வெயில், மழை இரண்டுதானே. ஒரு பருவம் முடிந்து இன்னொன்று பிறப்பதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதே எனக்குப் புதிது.

ரிஷிகேசத்தில் ஹோலியன்று என்னை அறையில் இருக்கச் சொல்லிவிட்டு நீ கேமராவோடு கிளம்பினாய். நான் கேட்கவில்லை, பின்னாலேயே வந்தேன். தெருமுனையில் முன்பின் தெரியாத ஒரு தடியன் என் இரண்டு கன்னத்திலும் சிவப்புப் பொடியை அப்பி, கட்டிப் பிடித்து, காதில் ஏதோ கத்திவிட்டுப் போனான். என் வெள்ளைச் சட்டை போயிற்று. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன், அம்மா போனதிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. அன்று ராத்திரி காதுக்குள் இருந்த பொடியைத் தோண்டிக்கொண்டே, இந்த ஊரில் ஒருத்தனும் நீ யார், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லையே, கண்ணில் பட்டவனையெல்லாம் கட்டிக்கொள்கிறார்களே என்று நினைத்தேன். அந்த நினைப்பு அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும்தான் நின்றது.

அடுத்த நாள் ஜீப்பில் ஆறு மணி நேரம். வளைவுக்கு வளைவு நான் கண்ணை மூடிக்கொண்டேன், நீ ஒவ்வொரு சிவப்பு மரத்துக்கும் வண்டியை நிறுத்தச் சொன்னாய். இலையே தெரியாமல் பூத்திருந்தன அந்த மரங்கள். கீழே பாதையிலிருந்து நாம் தங்கிய வீட்டு முற்றத்துக்கு ஐந்து கல்படி. வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஊரே அவரை சுபேதார் என்றுதான் கூப்பிட்டது. நல்ல மனுஷர். எனக்குக் குளிருகிறது என்று தன்னுடைய கம்பளியையே எடுத்துப் போர்த்தினார். டீ குடித்து முடிப்பதற்குள், வானிலை விசாரிக்கிற மாதிரி, ஒரு கேள்வி கேட்டார். நீ என் பக்கம் திரும்பினாய். "அப்பா, நம்ம என்ன சாதின்னு கேக்குறாரு. என்ன சொல்ல? எனக்கே தெரியாதே" என்றாய். உன் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிரிவு என்று கேட்டால் எப்படிப் பார்ப்பாயோ அப்படிப் பார்த்தாய். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நான், "ஊர்ல நெலம் வச்சிருந்தவங்க, விவசாயம் பண்ண ஆளுங்கன்னு சொல்லு" என்று சொல்லி, ஒரு பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. நீ அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாய். சுபேதார் தலையை ஆட்டி, நம்மைச் சமையல்கட்டு வரைக்கும் அழைத்துப்போய் அடுப்படியில் உட்கார வைத்தார்.

விடிந்தால் அவர்களுக்குப் புது மாதம். நமக்குப் பங்குனி பிறக்கிற அதே சமயம்தான், அவர்கள் சைத் என்கிறார்கள். வெளிச்சம் வருவதற்குள் நீ என்னை எழுப்பி வாசலுக்கு இழுத்து வந்தாய். ஊர்ப் பெண் குழந்தைகள் மூங்கில் கூடையோடு வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள். மஞ்சளாக ஒரு சின்னப் பூ, அந்தச் சிவப்பு மரத்துப் பூ, வெள்ளையும் ரோஸுமாகப் பழமரத்துப் பூ. வாசற்படியில் ஒவ்வொன்றாக வைத்து, இந்தப் படி நல்லா இருக்கட்டும், இந்த வீட்டுக் களஞ்சியம் நிறையட்டும் என்று பாடினார்கள். சுபேதாரின் மனைவி கூடையில் அரிசியும் வெல்லமும் போட்டார். உள்ளே இருக்கிறவனுக்கு முன்னால் படிக்கு வாழ்த்துச் சொல்கிற பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "கோலா சிலாங்கூர்ல இப்படிப் பூ வச்சா கொரங்கு தூக்கிட்டுப் போயிரும்" என்று நான் சொன்னதற்கு நீ சிரித்ததில் கேமரா ஆடி, ஒரு படம் கலங்கிப்போனது. அந்தப் படம் இப்போது நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நான் இருக்கிற படங்களில் நான் தைரியமாகப் பார்க்கக்கூடியது அது ஒன்றுதான்.

குழந்தைகள் போய்ச் சற்று நேரத்தில் மேளச் சத்தம் கேட்டது. கீழ்ப்பாதையில் வயதான அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். ஒருவர் தோளில் பெரிய மேளம், இன்னொருவர் இடுப்பில் கிண்ணம் மாதிரி ஒரு சின்ன முரசு. படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்கள். சுபேதார் பெருமையாகச் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய். இந்தப் புது மாதத்தின் பெயரை இந்த வீட்டில் யாரும் முதலில் உச்சரிக்க மாட்டார்கள், மேளக்காரர் வாயிலிருந்துதான் அதை முதலில் கேட்க வேண்டும், அப்புறம்தான் மற்றவர்களுக்கு வசந்தம். மூத்தவர் பாட ஆரம்பித்தார். சுபேதார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார், அவர் மனைவிக்குக் கண் கலங்கியது. கல்யாணமாகிப் போன பெண்ணைப் பார்க்க அண்ணன் வருகிற பாட்டாம். பாட்டு முடிந்ததும் அந்த அம்மா அரிசியை எடுத்துக்கொண்டு இரண்டு படி இறங்கி, அவர் விரித்துப் பிடித்த துணியில் உயரத்திலிருந்து கொட்டினார். கை படாமல். சுவர் ஓரமாகத் தனியாக வைத்திருந்த இரண்டு கிளாஸில் டீ ஊற்றினார். குடித்துவிட்டு அவர்களே கழுவி, குழாயடிக் கல்லின்மேல் கவிழ்த்து வைத்தார்கள்.

"அங்கிள், அவங்க ஏன் மேல வரல?" என்று நீ சுபேதாரைக் கேட்டாய். அவர் கோபப்படவில்லை. அவர்கள் மேலே வருவதில்லை, அது அப்படித்தான், அவர்களுக்கே பிடிக்காது என்று சாதாரணமாகச் சொன்னார். நீ உன் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு ஐந்து படியும் இறங்கிப் போய் அவர்கள் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்துவிட்டாய். மூத்தவர் பதறி எழுந்தார், நீ அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாய். அவருக்கு உன் மொழி தெரியாது, உனக்கு அவர் மொழி தெரியாது. மேளத்தைக் காட்டி அடிக்கச் சொன்னாய். அவர் அடித்தார்.

அடுத்து நடந்ததை நீ பார்க்கவில்லை. அவர் அடித்த தாளம் வேறுதான், குச்சி வேறுதான். ஆனால் அடிக்கு நடுவில் மூச்சு விடுகிற இடம் எனக்குத் தெரிந்த இடம். என்னை அறியாமல் என் விரல் கதவு நிலையில் தட்டிக்கொண்டிருந்தது. மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார். என் விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். தன் தொழில்காரன் இன்னொருவனைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் பல் தெரியச் சிரித்து, வா என்று தலையை ஆட்டிக் கூப்பிட்டார். நீயும் திரும்பி, "அப்பா, வாங்கப்பா! கூப்புடுறாரு லா" என்றாய். நான் கையை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டேன். முட்டி வலிக்கிறது என்று சைகை காட்டினேன். அவர் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் பார்வையை எடுத்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்கும். அவர் வயதில் அது புரியாமல் இருக்காது.

நீ எழுந்தபோது உன் கிளாஸையும் கழுவி, அவர்கள் வைத்த மாதிரியே அந்த இரண்டுக்கும் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாய். அந்த ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாய். சுபேதாரின் மனைவி அப்புறம் கிளாஸை எடுக்க வந்து, மூன்றில் எது உன்னுடையது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் மூன்றையும் அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனார். நான் மேலே, பூ வைத்த படிக்கு உள்பக்கம், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தேன். கீழே கல்லில் உட்கார வேண்டியவன் மேலேயும், ஒன்றும் தெரியாத நீ கீழேயும் இருந்தோம். மலையிலிருந்து இறங்கும்போது ஜீப்பில் நீ, "நல்ல மனுசங்கதான், ஆனா இது மட்டும் ஏன் இப்படி? நல்லவேள, நம்ம மலேசியாவுல இதெல்லாம் இல்லப்பா" என்றாய். நான், "ஆமா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக எனக்கு எத்தனை நாள் தூக்கம் போனது என்று உனக்குத் தெரியாது.

நம் ஊரில் எப்படி இருந்தது என்று இப்போதாவது சொல்கிறேன். கெர்லிங் பக்கம் நம் தோட்டத்தில் மண்டோர் வீட்டுப் பின்சுவரில் ஓர் ஆணி உண்டு. அதில் ஒரு காலிப் பால் டின் கம்பி கட்டித் தொங்கும். தாத்தா எதற்காவது போய் நின்றால் அந்த டின்னில்தான் காப்பி. குடித்துவிட்டுக் கழுவி, திரும்ப மாட்டிவிட்டு வருவார். மற்ற எல்லோரும் கப்பில் குடிப்பார்கள். நான் அதை வெகுநாள் தாத்தாவுக்கென்று செய்த தனி மரியாதை என்று நினைத்திருந்தேன், பைத்தியக்காரன். பள்ளிக்கூடம் போன பிறகுதான் புரிந்தது. நான் வகுப்புக்குள் நுழைந்தால் பையன்கள் மேசையில் சாவுத் தாளம் தட்டுவார்கள். வாத்தியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டுவார். அன்றைக்கே முடிவு பண்ணினேன், படித்து இந்தத் தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும், யாருக்கும் நான் யார் பிள்ளை என்று தெரியக் கூடாது என்று. படித்தது நல்லதுதான். ஆனால் மேசையைத் தட்டிய பையன்கள் மேல் வர வேண்டிய கோபம் எனக்கு அப்பா மேல் வந்தது. அதைச் சரியான இடத்துக்குத் திருப்பி அனுப்ப எனக்கு இத்தனை வயது ஆயிற்று.

தாத்தா செத்த அன்று உனக்கு ஐந்து வயது. அன்று நான் செய்ததை அம்மாவைத் தவிர யாரிடமும் பேசியதில்லை. கடைசி வரை அவர் லயத்து வீட்டை விட்டு நம்மோடு வரவில்லை. நானும் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. செய்தி போனதும் சுற்றுத் தோட்டங்களிலிருந்து அவர் கூட்டாளிகள் நாலு பேர் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஓலைக் குப்பையைப் பற்றவைத்து, தோலைக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். ஆலையிலிருந்து என் மேலாளரும் ஆபீஸ் ஆட்களும் காரில் வந்துகொண்டிருந்தார்கள். நான் போய், "மாமா, அடிக்க வேணாம்" என்றேன். அவர்களில் மூத்தவர் வேலு மாமா. "உங்கப்பன் எத்தன பேர அடிச்சி அனுப்பியிருக்கான். அவனுக்கு ஒரு அடிகூட வேணாங்கிறியா?" என்று கேட்டார். "காலம் மாறிப்போச்சி மாமா" என்றேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, "சரி தம்பி, நீ படிச்சவன்" என்றார், நெருப்பைக் காலால் தட்டி அணைத்தார்.

அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன், போகவில்லை. தப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தோல் பக்கத்தை உடம்போடு அணைத்து, சுடுகாடு வரை பின்னாலேயே நடந்து வந்தார்கள். நாலு தப்பு, ஒரு சத்தம் இல்லை. என் ஆபீஸ் ஆட்கள் அவர்களைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. நீ மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அவங்க ஏன் அடிக்கல?" என்று கேட்டாய். "ரிப்பேர்" என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நீ, "நாலும் ரிப்பேராம்மா?" என்று கேட்டபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் மேல்தான் இருக்கிறது. தோட்டத்தில் யார் செத்தாலும், எந்தச் சாதியானாலும், தாத்தா அடிக்காமல் தூக்கியதில்லை. அவரை மட்டும் சத்தமில்லாமல் அனுப்பினேன். வெட்கப்பட்டு வெட்கப்பட்டுக் கடைசியில் நான் வெட்கப்பட வேண்டிய காரியத்தைச் செய்து முடித்தேன்.

மண்டோர் கதை அதற்கப்புறம் வந்தது. மூன்றாம் வகுப்பில் 'என் தாத்தா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். "தாத்தா என்ன வேல செஞ்சாரு?" என்று நீ பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாய். "மண்டோர்" என்று வாயில் வந்தது. தாத்தாவைப் பின்வாசலில் நிற்க வைத்தவனின் பட்டத்தையே தூக்கி அவர் தலையில் வைத்தேன். உனக்கு அந்தக் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது, ஒரு தண்ணீர் பாட்டில். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிந்தது. அம்மா பலமுறை சொன்னாள், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதும் சொன்னாள். "பிள்ளைக்கிட்ட சொல்லிடுங்க. வேற யாரோ சொல்லித் தெரிஞ்சா அவன் உங்கள மன்னிக்க மாட்டான்" என்றாள். அவளும் நம் ஆட்கள்தான். அவள் ஒருநாளும் மறைக்கவில்லை, யாரும் அவளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான் அவளுக்குச் சரி என்று சொல்லி, அதையும் செய்யவில்லை.

மலையிலிருந்து வந்து இரண்டு மாதத்தில் பரிசம். ரேவதி வீட்டுக் கூடத்தில் தட்டை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தப்பா நெனைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். நீ மாடியில் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாய். சுபேதார் வீட்டில் சொன்ன பெயர் அவர் கேட்டு முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டது. இந்தத் தடவை நாக்கு தடுமாறக்கூட இல்லை, பழகிவிட்டது. ரேவதியின் அப்பா முகம் மலர்ந்து, "அதான் பாத்தாலே தெரியுதே" என்றார். எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன். நீ ஜீப்பில் சொன்னாயே, நம் நாட்டில் இதெல்லாம் இல்லை என்று. இருக்கிறது தம்பி. இங்கே படி கட்டி வைப்பதில்லை, வெற்றிலை மடிக்கும்போது கேட்டுக்கொள்கிறோம்.

உன் போன் வந்த பிறகு, புதன்கிழமை, ரேவதி வீட்டில் நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று காரை எடுத்துக்கொண்டு ரவாங் வரை வந்தேன். உனக்குத் தெரியாது. அவர்கள் குடியிருக்கிற தாமானில், வீட்டுக்கு எதிரே, அரை மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணினேன். ரேவதியின் அப்பா செடிக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். "அட, சம்பந்தி! உள்ள வாங்க, காப்பி குடிங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டார். "இல்லங்க, இந்தப் பக்கம் சாமான் கடைக்கு வந்தேன், பைப் ஒண்ணு வாங்கணும்" என்றேன். அந்த மனுஷர் நல்ல கடை எது என்று சொல்லி, கூடவே கிளம்பி வந்து, எனக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வாங்க உதவி பண்ணினார். அது நம் வீட்டில் எதற்கும் பொருந்தவில்லை. வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு ஒன்று தோன்றியது. அங்கே சொல்லியிருந்தாலும் தப்புதான். உன் வாழ்க்கையை உன்னைக் கேட்காமல் இன்னொரு தடவை பேசி முடித்திருப்பேன். முதலில் தெரிய வேண்டியவன் நீ.

கல்யாணத்துக்குப் பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். ரேவதியிடம் எதையும் அவள் கேட்கும்வரை வைத்துக்கொள்ளாதே. நாள் தள்ளத் தள்ளச் சொல்ல வேண்டியது பெருத்துக்கொண்டே போகும், சொல்லும் வாய் சின்னதாகிக்கொண்டே வரும். பிள்ளை பிறந்து, அது ஒரு கேள்வி கேட்டால், தெரிந்ததைச் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான் நானும் மறைத்தேன். நல்லது யாருக்கு ஆனது என்று பார்த்தால், மேசையில் தாளம் தட்டினால் இன்றைக்கும் திடுக்கிடுகிற எனக்கு மட்டும்தான். நீ அந்தக் கல்லில் போய் உட்கார்ந்தாய். உனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்திருந்தால் இன்னும் தைரியமாக உட்கார்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். நான் உன்னைக் குறைத்து எடை போட்டுவிட்டேன், அதற்கும் மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், நேராக உன் வீட்டுக்கு. அதற்குள் ரேவதியிடம் நீ தனியாகச் சொல்ல நினைத்தால் சொல். கோபமாக இருந்தால் கதவைத் திறக்காதே, நான் கீழே காரில் இருக்கிறேன், நீ கூப்பிடும்வரை இருப்பேன். நீ சரி என்றால் அவர்கள் வீட்டுக்கு இருவரும் போவோம். பேச வேண்டியது நான். கார்டில் மண்டோர் என்று எதையும் போட வேண்டாம். தாத்தா பெயர் சடையன். தோட்டத்தில் பால் மரம் வெட்டினார், தப்பு அடித்தார். அதை அந்தக் கூடத்தில், வெற்றிலைத் தட்டுக்கு முன்னால், எல்லோரும் கேட்கச் சொல்வேன். அவர்கள் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போகலாம். பொய் சொன்னதற்காகத் திருப்பி அனுப்பினால் அந்த வெட்கம் என்னுடையது. சாதிக்காகத் திருப்பி அனுப்பினால் அது அவர்களுடையது. எப்படிப் போனாலும் அதில் உனக்கும் பங்கில்லை, தாத்தாவுக்கும் பங்கில்லை. அந்த வீட்டில் நான் தலைகுனிந்து நிற்பேன். நீ குனியாதே.

சடையன் மகன்,
உன் அப்பா